பன்னிரண்டு-பி என்ற மின்ரயில் பெட்டி

போன மாதம் ஓய்வூதியர் கூட்டத்துக்காக அரியலூர் போயிருந்தபோது, அங்கே இப்போது வண்டிப் பரிசோதகராக இருக்கும் இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ விழா மலருக்குக் குறிப்பு எழுதுகிறாராம். "சார், நம்ம அரியலூருக்கு முதல் எலக்ட்ரிக் வண்டி எப்ப சார் வந்துச்சு?" என்று கேட்டார்.

"மேலே கம்பி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சு" என்றேன்.

வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு ஒருவரிடம் போய்விட்டார். அவருக்கு முழுதாகச் சொல்ல அன்று நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் ஊருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. திருச்சியில் வண்டிப் பரிசோதகர் பயிற்சி. சுத்தியலால் சக்கரத்தைத் தட்டினால் நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். அச்சின் முனையை மூடியிருக்கும் ஆக்சில் பெட்டி சூடாகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை வெந்துபோனால் மறுநாள் சுத்தியல் பிடிக்க முடியாது. பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் எழுபதுகளின் பிற்பகுதியில் அரியலூரில் மஜீத் சாரிடம் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது.

மஜீத் சார் தலைமைப் பரிசோதகர். ஒல்லியான ஆள். யாரையும் 'நீ' என்று கூப்பிட மாட்டார். எடுபிடி வேலைக்கு வருகிறவர்களும் அவருக்கு 'நீங்க'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு யாரும் விளையாட முடியாது. அது சிவப்புக் கொடி.

நிற்கும் வண்டிக்கு அடியில் போகும்முன் வண்டியின் இரண்டு முனையிலும் தண்டவாளத்துக்கு நடுவே சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி இருக்கும்வரை எந்த எஞ்சினும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. விதி அவ்வளவுதான். ஸ்டோரில் தரும் கொடி இரண்டு கோடையில் வெளுத்துவிடும். "ரோஸ் கலர் கொடியப் பாத்தா டிரைவர் கல்யாண வூடுன்னு நெனைச்சுக்குவாரு" என்று சொல்லி, சொந்தமாகத் துணி வாங்கி வீட்டில் தைத்து வைத்திருந்தார். இஸ்திரி போட்ட கொடிகள். நட்டபின் குனிந்து, "கீழ போறேன்" என்று உரக்கச் சொல்வார். உடனிருப்பவர், "கொடி இருக்கு, போங்க" என்று பதில் சொன்னால்தான் உள்ளே நுழைவார். பதில் வராவிட்டால் குனிந்தபடியே காத்திருப்பார். வேலை முடிந்து வெளியே வந்ததும் கொடிகளைத் தானே போய் எடுப்பார். வேறு யாராவது உதவிக்குக் கை நீட்டினால், "நட்ட கைதான் எடுக்கணும் தம்பி" என்பார்.

இனி அந்தப் பெட்டி.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஸ்டேஷன். பெயர் வேண்டாம்; சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக அங்கே ஒரு சைடிங், அதாவது பக்கத் தண்டவாளம், உண்டு. சைடிங்கின் கடைசியில், தண்டவாளம் புல்லுக்குள் மறையும் இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு ரயில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நீளமான ஓர் ஓட்டுவீடு போலத் தெரியும். வாசலில் கோலம், கொடிக்கயிற்றில் துணி, கூரைமேல் காயும் வற்றல்.

அது சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே முதன்முதலில் ஓடிய மின்ரயில்களில் ஒன்றின் மோட்டார் பெட்டி. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியபிறகு அந்தப் பாதையின் மின்சார முறையையே மாற்றிவிட்டார்கள். புதிய மின்சாரத்துக்குப் பழைய மோட்டார்கள் பொருந்தாது. மோட்டார்களைக் கழற்றினார்கள்; கம்பியைத் தொடும் மேல்சட்டத்தையும் இறக்கினார்கள். வெறும் கூடாக நின்ற பெட்டியைப் பாதை வேலை செய்யும் ஆட்கள் தங்குவதற்குக் கொடுத்தார்கள். அது ஊர் ஊராக இழுபட்டு, கடைசியில் இங்கே வந்தது. வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். பெட்டி நின்றுவிட்டது.

அதில் சவரியம்மா குடியிருந்தார். சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். கணவர் பாதையில் கேங்மேனாக இருந்து காய்ச்சலில் இறந்துபோனார். கருணை அடிப்படையில் சவரியம்மாவுக்கு அந்த ஸ்டேஷனில் பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை கிடைத்தது. வீடு காலியில்லை என்று சொல்லி, பாதைப் பிரிவினர் இந்தப் பெட்டியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். குடியிருப்பு வரிசை பன்னிரண்டோடு முடிகிறது என்பதால் இதற்குப் பன்னிரண்டு-பி என்று தகடு அடித்துக் கதவுக்குப் பக்கத்தில் முடுக்கினார்கள். டிரைவர் நின்று ஓட்டிய முன்னறை சமையலறை ஆயிற்று. மூன்று பக்கமும் ஜன்னல், புகை அதிகம் தங்காது. பெண்களுக்கென்று தடுத்திருந்த பகுதியில் மகள் பிலோமினா உட்கார்ந்து படிப்பாள். நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் சேலைகள் தொங்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்துவிடுவார். சுண்ணாம்புக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.

ஒரு சமயம் அடுத்தடுத்து இரண்டு உத்தரவுகள் வந்தன. சென்னையிலிருந்து வந்தது எங்களுக்கு: முதல் மின்ரயிலின் பெட்டிகளில் மிஞ்சியிருப்பது மிகச் சில, உங்கள் பகுதியில் நிற்பதைச் சோதித்து, ஓடக்கூடிய நிலையில் இருந்தால் பணிமனைக்கு அனுப்புங்கள், பழையபடி புதுப்பித்துக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். மற்றொன்று பாதைப் பிரிவுக்கு: சைடிங்கை நீட்டிக்க வேண்டும், இடத்தைக் காலி செய்யுங்கள்.

பாதை இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜன் அவசரக்காரர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், இரும்பு வெட்டுகிற ஆள் கேஸ் சிலிண்டரோடு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"சார், இது வண்டியே இல்ல. கட்டடம். என் கணக்குல நம்பரோட இருக்கு" என்றார் கோவிந்தராஜன். "கட்டடத்த இடிக்கறது என் வேலை. நீங்க எதுக்கு வெயில்ல வந்துருக்கீங்க?"

"கட்டடத்துக்குச் சக்கரம் எதுக்குங்க?" என்றார் மஜீத் சார்.

"சரி, வண்டின்னே வச்சுக்குவோம். அப்ப அந்தம்மா உள்ள என்ன பண்ணுது? டிக்கெட் இல்லாத பயணின்னு சொல்லி எறக்கி விடுங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. சவரியம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. கட்டடம் என்றால் வெட்டிவிடுவார்கள். வண்டி என்றால் இழுத்துக்கொண்டு போவார்கள். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு வீடு போகும். வேறு வீடு தருவதைப் பற்றி இரண்டு உத்தரவிலும் ஒரு சொல் இல்லை.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று மஜீத் சார் பையிலிருந்து கொடிகளை எடுத்து இரண்டு முனையிலும் நட்டார். "கீழ போறேன்" என்றார். "கொடி இருக்கு, போங்க" என்றேன்.

நிதானமாகப் பார்த்தார். சக்கரங்களைத் தட்டினோம், துருப்பிடித்த சக்கரங்கள் ஆனாலும் ஒலியில் குறையில்லை. ஆக்சில் பெட்டிகளின் மூடியில்தான் சிக்கல். சுண்ணாம்புத் தூள் வருஷக்கணக்காகப் படிந்து, மழையில் நனைந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்தார்.

"ஜாக்கி வச்சுத் தூக்கி, ஆக்சில் பெட்டியத் திறந்து பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"தூக்குங்க" என்றார் கோவிந்தராஜன்.

"உள்ள அடுப்பு எரியுது. ஆளும் சாமானும் இருக்கற வண்டியத் தூக்கக் கூடாது. காலி ஆனதும் சொல்லியனுப்புங்க. வந்து முடிக்கறேன்."

"அப்ப கொடிய எடுத்துட்டுப் போங்க."

"வேலை முடியலையே" என்றார் மஜீத் சார்.

சவரியம்மா டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்து, "அல்ஹம்துலில்லாஹ். நல்லாருக்குமா" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். அன்று மாலையே மேலதிகாரிகளின் சிறப்பு ரயிலைச் சோதிக்க விருத்தாசலம் வரச் சொல்லி அவருக்குத் தகவல் வந்தது. புறப்படும்போது என்னிடம், "கொடியப் பாத்துக்குங்க தம்பி. காத்துல சாஞ்சா நிமித்தி வைங்க. எடுக்காதீங்க" என்றார். வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்துதான் செய்தாரா, விதிப்படி செய்தது அப்படி அமைந்துவிட்டதா என்று நான் அவரைக் கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கோவிந்தராஜன் பெட்டிகளை நகர்த்தும் ஷண்டிங் எஞ்சினை வரவழைத்துவிட்டார். புல்லுக்கு நடுவே கேஸ் நெருப்பு வைக்க முடியாது; பெட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டால், காலி செய்யச் சொல்லி அங்கேயே வெட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். எஞ்சின் டிரைவர் பக்கிரி கொடிக்குக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி இறங்கிவிட்டார்.

"போய்யா முன்னால."

"சிவப்புக் கொடி நட்டிருக்குங்களே."

"ஆள் ஊர்ல இல்ல. சும்மா நிக்குது அது."

"கொடிக்கு அது தெரியுமாங்க? நான் போய் டீ குடிக்கறேன். எடுத்ததும் ஒரு குரல் கொடுங்க."

கோவிந்தராஜன் என் பக்கம் திரும்பினார். "நீ எடுய்யா."

"நான் நடலிங்க சார்."

"உன்னோட ஆபீசர்தானே நட்டாரு?"

"பாத்துக்கத்தான் சொன்னாரு. எடுக்கச் சொல்லல."

"எந்த ஊருய்யா நீ?"

"பெரம்பலூர்ங்க."

"அங்க ரயில் வர்ற அன்னிக்குத்தான் ஒனக்கு வேலை நிரந்தரம். எழுதி வச்சுக்க."

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அது அவருக்கும் தெரியும். கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் சவரியம்மா என்னைத் தேடி வந்தார். "தம்பி, என்னால ஒங்க வேலைக்கு ஏதாச்சும் வந்துடப் போவுது. ஏலாக்குறிச்சியில எங்க அண்ணன் வூடு இருக்கு. ஒத்த ரூம்தான். எப்படியோ ஒண்டிக்கறோம். காலையில மொத பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன்."

முதல் பஸ் வருவதற்குள் அவர் தண்ணீர் கொடுக்க வேண்டிய வண்டி போய்விடும். இது இரண்டுபேருக்கும் தெரிந்த விஷயம். வேலைக்கு வரவில்லை என்று எழுதினால், வீட்டோடு வேலையும் போகும். அரியலூரில் படிக்கும் பிலோமினாவின் படிப்பும் அதோடு சரி.

"நீங்களா எறங்கிப் போயிட்டா, ஒங்களுக்கு வூடு வேணும்னு யாரும் எழுத மாட்டாங்கம்மா. இருங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தைரியம் இருந்தது என்று இன்றும் தெரியவில்லை. கொடியைப் பார்த்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அதற்கும் மறுநாள் எஞ்சின் மறுபடி வந்தது. மறுபடி நின்றது. பக்கிரி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் டீ வரவழைத்தார். நல்ல கெட்டியான பாலில் போட்ட டீ. பக்கிரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

"சார், ஒம்பதாம் நம்பர் குவார்ட்டர்ஸ்ல இப்ப யாரு இருக்கா?"

ஒன்பதாம் நம்பரில் யார் இருக்கிறார்கள் என்பது ஸ்டேஷன் முழுவதற்கும் தெரியும். அங்கே இருந்த கேங்மேன் மாற்றலாகிப் போனபின், கோவிந்தராஜன் தன் கறவை மாட்டை அதில் கட்டியிருந்தார். முன்னறையில் மாடு, பின்னறையில் வைக்கோல். பால் மாஸ்டர் வீட்டுக்குப் போகும், டீக்கடைக்குப் போகும். அதனால் யாரும் வாயைத் திறந்ததில்லை. நானும் அந்த டீயைத்தான் கையில் வைத்திருந்தேன்.

"மாட்டுக்குக் குவார்ட்டர்ஸ், மனுஷிக்குப் பொட்டி. நல்ல ரயில்வே சார் நம்மளோடது" என்று சொல்லிவிட்டுப் பக்கிரி மீதி டீயையும் குடித்தார். விட்டுவைக்கவில்லை.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான், அடுத்தவர் விவகாரத்தில் தலையிடாதவர். கோவிந்தராஜன் உள்ளே வந்ததும் அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த எஞ்சின் சைடிங்ல நிக்கறதால கல் ஏத்த வந்த வேகன் எல்லாம் வெளிய நிக்குது. ஏன் சைடிங் அடைஞ்சு கெடக்குன்னு திருச்சியிலேர்ந்து கேக்கறாங்க. நான் பதில் சொல்லியாகணும். காரணம்னு எதச் சொல்றது? கொடியவா, மாட்டையா?"

கோவிந்தராஜன் பக்கிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளர்களைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். சாயங்காலம் மாடு அவர் வீட்டுக் கொல்லைக்குப் போயிற்று. ஒன்பதாம் நம்பரை சவரியம்மா பெயருக்கு ஒதுக்கிக் கையெழுத்தும் வந்தது. சாணியைக் கழுவித் தள்ள அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு முழுநாள் பிடித்தது. அப்புறம் சுண்ணாம்பு அடித்தார்கள். கேஸ் சிலிண்டர்க்காரன் அரியலூர் பஸ்ஸில் திரும்பிப் போனான்.

மஜீத் சார் விருத்தாசலத்திலிருந்து வந்ததும் ஒன்றும் விசாரிக்கவில்லை. பெட்டி காலியாக இருப்பதை உள்ளே ஏறிப் பார்த்துக்கொண்டார். கொடிகள் நேராக நிற்பதையும் பார்த்தார். "ஜாக்கி கொண்டாங்க" என்றார்.

பிறகு செய்த வேலையைத்தான் என் வேலைக்காலத்தின் நல்ல வேலை என்று சொல்வேன். மூடிகளில் இறுகியிருந்த சுண்ணாம்பைச் சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தோம். வேகமாக அடித்தால் தூள் உள்ளே விழும்; விழுந்த தூள் அச்சை அரைத்துவிடும். திறந்தபோது எண்ணெய் தார் மாதிரி ஆகியிருந்தது. அச்சுக்கு எண்ணெய் ஊட்ட உள்ளே திணித்திருந்த பஞ்சை எலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. அச்சின்மேல் உட்காரும் பித்தளைத் தாங்கிகளை வெளியே எடுத்தார். அச்சில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, தாங்கியை வைத்து அழுத்தி எடுத்தால், எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் நீலம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்ட வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். தாங்கி முழுவதும் ஒரே சீராக நீலம் படியும்வரை இதுதான். மஜீத் சார் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பார். சரியாகிவிட்டது என்பதற்கு அவரிடம் வார்த்தை கிடையாது. அடுத்ததைக் கையில் எடுப்பார், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு முனைக்கும் நடந்துபோய்க் கொடிகளை எடுத்து, மடித்து, பையில் வைத்தார். மெதுவான வேகத்தில், சரக்கு வண்டியில் கார்டு வண்டிக்கு முன்னால் கோத்து அனுப்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது சவரியம்மா வந்தார். "அய்யா, அந்த நம்பர் தகட்ட மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க."

"எதுக்கும்மா? அங்கதான் ஒம்பதுன்னு இருக்கே."

"வூடு மாறுனா மாறிட்டுப் போவுது. ரேஷன் கார்டுல, இவ பள்ளிக்கூடத்துல, எல்லாத்துலயும் பன்னெண்டு-பின்னு இருக்கு. நம்பர் மாறுச்சுன்னா தாலுகா ஆபீசுக்கு யாரு அலையறது?"

மஜீத் சார் யோசித்தார். "இருக்கறது இருக்கறபடி பணிமனைக்குப் போவணும்மா. அங்க எல்லாத்தையும் பாத்துக் குறிச்சுட்டு, வேண்டாம்னு கழட்டுவாங்க. கழட்டுனதும் ஒங்களுக்கு வந்து சேரும். நான் பொறுப்பு."

பெட்டியோடு நானும் சென்னை போனேன். நிற்கிற இடமெல்லாம் இறங்கி, ஒவ்வொரு ஆக்சில் பெட்டியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். விழுப்புரம் தாண்டி ஒன்று மட்டும் கொஞ்சம் சுட்டது. எண்ணெய் ஊற்றிப் பஞ்சை மாற்றினேன், அடங்கிவிட்டது. பயணம் முழுவதும் பெட்டிக்குள் குழம்பு வாசனை இருந்தது.

பணிமனையில் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். சுண்ணாம்பைத் தண்ணீர்விட்டு ஊறவைத்துச் சுரண்டியபோது, அடியில் இருந்த தேக்கில் கரையான் தொட்ட இடம் இல்லை. தகடுகளிலும் நாங்கள் பயந்த அளவுக்குத் துரு இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஏறிய பூச்சு அதைக் காப்பாற்றியிருந்தது. பெஞ்சுகளைப் புதிதாகச் செய்தார்கள். சமையலறைக் கூரையில் ஏறியிருந்த கரி மட்டும் எளிதில் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கூரைமேல், மின்சாரம் இறங்காமல் மேல்சட்டத்தைத் தாங்கும் பீங்கான் உருளைகள் நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. அந்த வார்ப்பில் செய்த உருளை இப்போது எங்கும் கிடைக்காதாம். அரியலூர்க்காரர்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

எனக்குத் தெரியும். ஒன்பதாம் நம்பருக்குச் சாமான் தூக்கிக் கொடுத்தபோது பார்த்திருந்தேன். பெட்டிக்குக் குடிவரும் முன்பே, கூரையிலிருந்து கழன்று விழுந்ததைப் பாதையில் வேலை பார்த்த சவரியம்மாவின் கணவர் எடுத்து வைத்திருந்தாராம். எலி தள்ளிவிடாமல் இருக்க, சவரியம்மா அதை அரிசிப் பானை மூடிமேல் பாரமாக வைத்திருந்தார்.

போய்க் கேட்டேன். "இதுக்கா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வந்துச்சு? இத எடுத்துட்டா எலிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பாதையோரத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லைப் பொறுக்கிக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்து, பரவாயில்லை என்று உருளையைக் கொடுத்தார். உடனே, "என் தகடு?" என்று கையை நீட்டினார்.

உருளையைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தகட்டை வாங்கிவந்தேன். வரைபடத்தில் இல்லாத பொருள் என்று அதை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்கள். சவரியம்மா அன்றே ஒன்பது என்ற பழைய தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பன்னிரண்டு-பியைத் தன் கையால் முடுக்கினார். தபால்காரர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்.

அந்தப் பெட்டியைப் பிற்பாடு ஒருமுறை சென்னையில் பார்த்தேன். பச்சை வர்ணமும் பளபளக்கும் பித்தளையுமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பலகையில் எங்கே செய்தது, எங்கே ஓடியது, எப்போது நிறுத்தியது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அதற்குப் பின்வந்த வருஷங்களுக்கு ஒரே வரி: பின்னர் வேறு உபயோகத்தில் இருந்தது.

மஜீத் சார் இப்போது இல்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. பெரம்பலூருக்குத்தான் ரயில் வரவில்லை. சவரியம்மா ஓய்வுபெறும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். வரிசையாகப் போனால் எட்டு, பன்னிரண்டு-பி, பத்து என்று வரும். கோவிந்தராஜனுக்குப் பின் எத்தனையோ பாதை இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் வாசலில் நின்று, இது தப்பான நம்பர், உடனே கழற்று என்பார்களாம். சவரியம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"மாட்டுன கைதான் சார் கழட்டணும். ரயில்வேயில அப்படித்தான் விதி."

யாரும் கழற்றவில்லை.